முதலாளியே சட்டம் எழுதினால்

சிட்னியின் மேற்கே இருக்கும் லிட்கம் ஒரு ரயில் சந்திப்பு. பாரமட்டா பக்கம் ஓடும் பெருந்தடமும், ஒலிம்பிக் பூங்காவுக்குப் பிரியும் கிளையும், பேங்க்ஸ்டவுனுக்குத் தெற்கே இறங்கும் கிளையும் இங்கே கூடுகின்றன. ஹோம்புஷ், ஆபர்ன், வென்ட்வொர்த்வில் என்று தமிழ்க் குடும்பங்கள் வசிக்கும் பல ஊர்களை நகரத்தோடு சேர்ப்பதும் இந்தத் தடம்தான். 2022 பிப்ரவரியிலும் 2025 ஜனவரியிலும் தொழிற்தகராறால் ரயில்கள் முடங்கியபோது, இந்த நடைமேடைகளில் நின்றவர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. மாதம் பிறந்தால் நிச்சயமாகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர், அது போதாதென்று ரயிலை நிறுத்தினால், நாள்கூலிக்கு வேலை செய்பவர் எப்படி வேலைக்குப் போவது? நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்ல இன்னொரு கேள்வியைக் கடந்துதான் வர வேண்டும். அந்த ஊழியரின் சம்பளத்தை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

தனியார் கம்பெனியில் சங்கமும் முதலாளியும் பேசி உடன்பாடு வரவில்லை என்றால், இருவருக்கும் மேலே சட்டம் இருக்கிறது. முதலாளி எவ்வளவு பெரியவரானாலும், தனக்கு வசதியாகச் சட்டத்தை மாற்றிக்கொள்ள அவரால் முடியாது. அரசு முதலாளியாக இருக்கும்போது இந்த ஏற்பாடு குலைகிறது. பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்திருப்பவரின் கையிலேயே நாடாளுமன்றப் பெரும்பான்மையும் இருக்கிறது. பேச்சு தனக்குச் சாதகமாகப் போகவில்லை என்றால் அவர் விதியையே மாற்றலாம். ஆடுகிறவரே நடுவராகவும் நின்றால் ஆட்டம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கும் அந்தப் பேரமும். அரசு ஊழியரின் கூட்டுப் பேர உரிமைக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று சொல்வதற்கு அடிப்படை இதுதான். அரசு ஊழியர் மற்றவர்களைவிட உயர்ந்தவர் என்பதற்காக யாரும் இதைக் கேட்கவில்லை. அவருடைய முதலாளியின் கையில் வேறெந்த முதலாளியிடமும் இல்லாத ஆயுதம் இருக்கிறது என்பதற்காகக் கேட்கிறார்கள்.

இதை நியூ சவுத் வேல்ஸ் நூறாண்டுகளுக்கு முன்பே அனுபவித்துத் தெரிந்துகொண்டது. 1901இலேயே தொழிற்தகராறுகளை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகும் சட்டம் போட்ட மாநிலம் அது. ஆனாலும் 1917இல் அரசு ரயில்வே, டிராம் பணிமனைகளில் புதிதாக ஓர் அட்டை முறை புகுத்தப்பட்டது. ஒவ்வொரு தொழிலாளியும் எந்த வேலையை எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்று மேற்பார்வையாளர் ஓர் அட்டையில் எழுதுவார். எழுதியதைத் தொழிலாளி பார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாத ஒரு காகிதத்தை வைத்துத் தன் பிழைப்பு எடைபோடப்படும் என்ற நிலையில், ஆகஸ்ட் 2 அன்று ரேண்ட்விக், எவெலீ பணிமனைத் தொழிலாளர்கள் வெளியே நடந்தார்கள். சுரங்கம், துறைமுகம் எனப் பரவி, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் அந்த வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசு வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து ரயிலை ஓட்டியது. செப்டம்பரில் ரயில் தொழிலாளர்கள் தோற்றுத் திரும்பினார்கள். பணிமூப்பை இழந்து கீழ்நிலையில் திரும்பச் சேர்க்கப்பட்டவர்களில் பென் சிஃப்லி என்ற எஞ்சின் டிரைவரும் ஒருவர். பின்னாளில், 1945இல், அவர் ஆஸ்திரேலியாவின் பிரதமரானார்.

நம் காலத்து வழக்கு 2011இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மார்ச்சில் ஆட்சிக்கு வந்த பாரி ஓ'ஃபாரல் அரசு, ஜூன் மாதத்திலேயே மாநிலத் தொழிலுறவுச் சட்டத்தைத் திருத்தியது. அரசு ஊழியரின் ஊதிய உயர்வு ஆண்டுக்கு 2.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்ட வேண்டுமென்றால் அந்தக் கூடுதல் செலவுக்கு ஈடாக ஊழியர் செலவிலேயே வேறெங்காவது மிச்சம் பிடிக்க வேண்டும். ஓர் அரசு ஊதியத்துக்கு வரம்பு வைக்க விரும்புவது புதிதல்ல. இங்கே புதிது வேறொன்று. சுயேச்சையான நடுவராக இருந்த தொழிலுறவு ஆணையமும் அரசின் இந்தக் கொள்கையை அப்படியே நிறைவேற்றியாக வேண்டும் என்று சட்டத்தில் எழுதினார்கள். ஆசிரியரோ செவிலியரோ தங்கள் வழக்கை எவ்வளவு ஆதாரத்தோடு எடுத்துவைத்தாலும், முடிவு விசாரணைக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. மேலவையில் பசுமைக் கட்சியின் டேவிட் ஷூபிரிட்ஜ் ஏறக்குறைய ஆறு மணி நேரம் பேசி எதிர்த்தார், சட்டம் நிறைவேறியது. அரசு ஊழியர் சங்கம் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போனது. 2012 டிசம்பரில் நீதிபதிகள் அது செல்லுபடியாகும் சட்டமே என்று தீர்ப்பளித்தார்கள். சட்டப்படி சரி என்றார்கள். நியாயமா என்பது அவர்கள் முன் இருந்த கேள்வி அல்ல.

இங்கே ஒரு வலுவான மறுப்பை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். 2012 முதல் பல ஆண்டுகள் ஆஸ்திரேலியாவில் விலைவாசி உயர்வு பெரும்பாலும் 2.5 சதவீதத்துக்குக் கீழேதான் இருந்தது. ஊழியருக்கு உண்மையில் நஷ்டமில்லை, தனியார் துறையில் அந்த அளவு உயர்வுகூடக் கிடைக்கவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் அப்போது நஷ்டம் வராததற்குக் காரணம் நல்ல காற்று. காற்று திரும்பியபோது ஊழியரின் கையில் துடுப்பு இல்லை. 2020இல் பெருந்தொற்றின் நடுவே அரசு சம்பளத்தை உறையவைக்கப் பார்த்தது. மேலவை அதை மறுக்கவே விஷயம் ஆணையத்துக்குப் போனது. கிடைத்த உயர்வு 0.3 சதவீதம். 2022 டிசம்பர் காலாண்டில் விலைவாசி 7.8 சதவீதம் ஏறியிருந்தபோது வரம்பு 3 சதவீதமாக மட்டும் நகர்ந்திருந்தது. வேறொரு சேதம் இன்னும் ஆழமானது, கணக்கில் தெரியாதது. ஒரு வார்டில் எத்தனை நோயாளிக்கு ஒரு செவிலியர், ஓர் ஆசிரியருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் பாடத் தயாரிப்புக்கு என்பவையெல்லாம் பணம் செலவாகும் விஷயங்கள். ஊழியர் செலவுக்கே பூட்டுப் போட்டபிறகு, வேலையின் தரத்தைப் பற்றிய இந்தப் பேச்சுக்கும் கதவு சாத்தப்பட்டது. நோயாளிக்கும் மாணவருக்கும் நேரடியாகப் பயன்படுகிற கோரிக்கைகள்தான் இப்படி முதலில் அடிபட்டன.

லிட்கமிலேயே இதற்கு ஓர் இடம் சாட்சி. தடயவியல் மருத்துவமும் மரண விசாரணை நீதிமன்றமும் சேர்ந்த மாநில வளாகம், கிளீபிலிருந்து 2018இல் இங்கே வந்தது. திடீர் மரணம் நேர்ந்த குடும்பங்கள், காரணம் தெரிந்துகொள்ளக் காத்திருக்கும் இடம். அங்கே உடற்கூறு ஆய்வில் உதவுகிறவர்களையும், ஆய்வகத்தில் மாதிரிகளைச் சோதிக்கிறவர்களையும், குடும்பங்களோடு பேசுகிற ஆலோசகர்களையும் பொதுமக்கள் பார்ப்பதே இல்லை. அவர்கள் வேலையை நிறுத்தினால் தொலைக்காட்சியில் செய்தி வராது. ரயில் டிரைவருக்குக் குறைந்தபட்சம் ரயிலாவது இருக்கிறது. இவர்களுக்கு இருப்பது சங்கமும் நடுவரும்தான்.

பேரம் பேசும் வழியை அடைத்தால் செலவு மிச்சமாகும் என்பது கணக்கின் ஒரு பக்கம். மறுபக்கத்தில் ஊழியர் பேச்சை விட்டுவிட்டு வேலையையே விட்டுப் போகிறார். 2021 டிசம்பரில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். 2022 பிப்ரவரி 15 அன்று, ஆணையம் தடுத்தும் மீறி, செவிலியர்கள் மாநிலம் முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2023 மார்ச்சில் கிறிஸ் மின்ஸின் லேபர் கட்சி வென்று வரம்பை நீக்கிய பிறகு, அதே ஆண்டில் ஆசிரியரின் தொடக்கச் சம்பளத்தை ஒரே தாவலில் 75,791 டாலரிலிருந்து 85,000 டாலருக்கு உயர்த்த வேண்டியதாயிற்று. ஆண்டுதோறும் பேசி நேர் செய்திருக்க வேண்டிய இடைவெளி அது. மனநல மருத்துவர்களின் நிலை இன்னும் மோசம். 2025 ஜனவரியில் மாநிலப் பொது மருத்துவமனைகளின் 295 சிறப்பு மனநல மருத்துவர்களில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். மற்ற மாநிலங்களின் சம்பளத்தோடு தங்களுடையதை ஒப்பிட்டு அவர்கள் கேட்ட உயர்வு 25 சதவீதம். காலி இடங்களைச் சமாளிக்க அதிகச் செலவில் தற்காலிக மருத்துவர்களை அமர்த்த வேண்டிவந்தது. விவகாரம் ஆணையத்துக்குப் போய், அந்த ஆண்டு அக்டோபரில் 20 சதவீதத் தற்காலிக உயர்வு கிடைத்தது. அதைத் தர முடிந்ததற்கு, ஆணையத்தின் கைக்கட்டு அதற்குள் அவிழ்க்கப்பட்டிருந்ததும் ஒரு காரணம்.

இதெல்லாம் யார் பணம்? வரி செலுத்துகிறவர் பணம். தேர்தலில் நின்று வென்றவர்கள்தான் பட்ஜெட்டை முடிவு செய்ய வேண்டும், யாரும் தேர்ந்தெடுக்காத ஆணையம் எப்படிச் செய்யலாம் என்று கேட்பது அலட்சியப்படுத்தக்கூடிய வாதம் அல்ல. ஆணையத்தின் கட்டை அவிழ்த்த 2023இன் திருத்தச் சட்டமும் அதை அலட்சியப்படுத்தவில்லை. ஆணையம் தன் முடிவில் அரசின் நிதிநிலையையும் அதன் மீது ஏற்படும் விளைவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. கணக்கில் எடுப்பது வேறு, கட்டளைக்குக் கீழ்ப்படிவது வேறு. அரசு தன் நிதி நெருக்கடியை ஆதாரத்தோடு எடுத்துச் சொல்லட்டும். ஊழியர் தன் வேலையின் சுமையை ஆதாரத்தோடு சொல்லட்டும். மூன்றாமவர் கேட்டு முடிவு சொல்லட்டும். பாலம் கட்டும்போது அரசு சந்தை விலையைக் கொடுக்கத்தான் செய்கிறது. உழைப்புக்கு மட்டும் தானே விலை குறித்துக்கொள்ளும் சலுகை ஏன் வேண்டும் என்பதற்கு இதுவரை நல்ல பதில் வந்ததாகத் தெரியவில்லை.

இனி லிட்கம் நடைமேடைக் கேள்வி. சிட்னி ரயில் ஊழியர் மத்திய அரசின் நியாய வேலைச் சட்டத்தின் கீழ் வருகிறவர்கள். அந்தச் சட்டத்தில் நினைத்த நேரத்தில் ரயிலை நிறுத்த வழியே இல்லை. ரகசிய வாக்கெடுப்பு, முன்னறிவிப்பு எல்லாம் வேண்டும். பொதுமக்களின் நலனுக்கோ பொருளாதாரத்துக்கோ பெரும் கேடு வரும் என்றால் நியாய வேலை ஆணையம் நடவடிக்கையைத் தடுக்கலாம். 2018 ஜனவரி 29க்குத் திட்டமிட்ட 24 மணி நேர வேலைநிறுத்தத்தை அப்படித்தான் தடுத்தது. 2025 பிப்ரவரியிலும் ஜூலை வரை எல்லா நடவடிக்கைகளையும் நிறுத்திவைத்தது. நான்கு ஆண்டில் 32 சதவீதம் கேட்ட ரயில் சங்கங்கள் இறுதியில் மூன்று ஆண்டில் 12 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டன. சங்கம் கேட்டதையெல்லாம் பயணியின் கழுத்தைப் பிடித்து வாங்கிவிடும் என்ற பயத்துக்கு இந்த எண்களே பதில். பயணிக்கு ஏற்பட்ட துன்பம் உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதைச் சங்கத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது சரியல்ல. 2022 பிப்ரவரி 21 அன்று ஊழியர் பணிக்கு வந்திருந்தும் ரயில்களை முழுவதுமாக நிறுத்தியது நிர்வாகம். அப்போதைய போக்குவரத்து அமைச்சர் டேவிட் எலியட்டோ ஊழியரின் செயலைப் பயங்கரவாதத்துக்கு ஒப்பிட்டார்.

அந்த ஆண்டுத் தகராறின் மையத்தில் சம்பளத்தோடு சேர்த்து ஒரு கதவும் இருந்தது. தென்கொரியாவில் செய்து வாங்கிய புதிய நகரிடை ரயில்களில், புறப்படும் நேரத்தில் கார்டு தன் அறைக்குள்ளிருந்து கேமராத் திரையைப் பார்த்தே நடைமேடையைக் கவனிக்க வேண்டியிருந்தது. சக்கர நாற்காலியோடு வருபவரையும் இடைவெளியில் கால் வைக்கும் குழந்தையையும் கண்ணால் பார்த்தபின்தான் வண்டி நகர வேண்டும் என்று சங்கம் பிடிவாதமாக நின்றது. ஆண்டுக்கணக்கில் ரயில்கள் கொட்டகையில் கிடந்தன. கடைசியில் மாற்றங்கள் செய்யப்பட்டு, 2024 டிசம்பரில் அவை ஓடத் தொடங்கின. நியூ சவுத் வேல்ஸின் முதல் உயிர்ப்பலி ரயில் விபத்து 1858இல் நடந்தது இதே லிட்கம் பகுதியில், அன்றைய ஹாஸ்லம்ஸ் கிரீக்கில். ரயிலில் ஏறுகிறவர்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேச, அந்த ரயிலில் தினமும் வேலை செய்கிறவரைவிடத் தகுதியானவர் யார்?

கூட்டுப் பேரமும் நடுவரும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழர்களுக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. இலங்கையில் 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த சுமார் 40,000 பேரை ஜே.ஆர். ஜெயவர்தன அரசு வேலையிலிருந்து நீக்கியது. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் ஜெயலலிதா அரசு சுமார் 1,70,000 ஊழியரையும் ஆசிரியரையும் எஸ்மா, டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிச் சட்டங்களைக் கொண்டு ஒரே வீச்சில் நீக்கியது. அடுத்த மாதமே, வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு எந்த வகையிலும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலோர் திரும்ப வேலைக்குப் போனார்கள். சங்கம் சேரும் உரிமை, கூட்டுப் பேர உரிமை பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகளை ஆஸ்திரேலியா 1973இல் ஏற்றது. இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. அரசு ஊழியருக்கான கட்டுப்பாடுகளையே அதற்குக் காரணமாகச் சொல்கிறது.

வரம்பை நீக்கிய அதே லேபர் அரசுதான் 2024 டிசம்பரில் ரயில் சங்கத்தின் நடவடிக்கைக்குத் தடை கேட்டு ஃபெடரல் நீதிமன்றம் போனது. எந்தக் கட்சி வந்தாலும் முதலாளி முதலாளிதான். ஆகவே இந்த உரிமையை ஒரு கட்சியின் நல்லெண்ணத்தை நம்பி விட்டுவிட முடியாது. 1976இல் ஆஸ்திரேலிய ஊழியரில் 51 சதவீதம் பேர் சங்கத்தில் இருந்தார்கள், 2024இல் 13.1 சதவீதம். மருத்துவமனையிலும் பள்ளியிலும் ரயிலிலும் அரசு அலுவலகத்திலும் வேலை செய்யும் தமிழர்கள் தங்கள் சங்கத்தில் உறுப்பினராகச் சேர வேண்டும். அடுத்த ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வரும்போது அதை முழுக்கப் படித்துவிட்டு வாக்களிக்க வேண்டும்.