ஆஸ்பத்திரியில் சொல்ற முதல் வார்த்தை: வழக்கையே மாற்றும் 'ஏ.ஆர்.' பதிவு

ராத்திரி 11 மணி. ரத்தம் சொட்டச் சொட்ட ஒருவரை ஆட்டோவில் தூக்கி வருகிறார்கள். ஸ்டிரெச்சர் உள்ளே போகிறது. டாக்டர் ஒரு கையால் நாடி பார்த்தபடியே கேட்கிற முதல் கேள்வி, "என்ன ஆச்சு?"

கூட வந்தவர் பதட்டத்தில், "வண்டியில இருந்து விழுந்துட்டாரு சார்" என்பார். அவர் விபத்தை பார்த்தவரே கிடையாது. போன் வந்ததும் அலறி அடித்து ஓடி வந்த மச்சானாக இருப்பார். ஆனால் அந்த ஒரு வரி அப்படியே பதிவேட்டில் ஏறி விடும்.

சில வருஷம் கழித்து நஷ்டஈடு வழக்கு நடக்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் கையில் எடுப்பது அந்த வரியைத்தான். "கார் மோதியது என்கிறீர்கள். தானாக விழுந்ததாக அல்லவா ஆஸ்பத்திரியில் எழுதி இருக்கிறது?" என்று மடக்குவார்.

இந்த பதிவுக்கு பெயர் 'ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்'. சுருக்கமாக ஏ.ஆர். சென்னை ராஜீவ்காந்தி அரசு ஆஸ்பத்திரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை என்று எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு போனாலும் "ஏ.ஆர். போட்டாச்சா?" என்ற பேச்சு காதில் விழும். பெயரில்தான் விபத்து. அடிதடி, கத்திக்குத்து, தீக்காயம், விஷம் என எல்லாமே இதில்தான் ஏறும். தனியார் ஆஸ்பத்திரியிலும் இப்படிப்பட்ட கேஸ் வந்தால் பதிவு செய்து போலீசுக்கு தகவல் சொல்ல வேண்டும்.

எழுதுவது யார்?

அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் எழுதுவதற்கென்றே தனி ஆள் உண்டு. 'ஸ்கிரைப்' என்பார்கள். அவசர சிகிச்சை பிரிவில் டாக்டர் பின்னாலேயே கட்டிலுக்கு கட்டில் போய், நோயாளி சொல்வதையும் டாக்டர் சொல்வதையும் கம்ப்யூட்டரில் அடிப்பதுதான் வேலை. நோயாளியை தொடக்கூடாது. கடைசியில் டாக்டர் படித்து பார்த்து கையெழுத்து போடுவார். டாக்டருக்கு படிக்க ஆசைப்படும் மாணவர்கள்தான் அங்கே இந்த வேலைக்கு அதிகம் வருகிறார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு ராத்திரி ஷிப்டில் அமெரிக்க டாக்டர்களுக்கு இதே வேலையை செய்யும் பட்டதாரிகளும் உண்டு.

நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியில் அந்த வசதி எல்லாம் இல்லை. தையல் போடுவதும் டூட்டி டாக்டர்தான், ஏ.ஆர். எழுதுவதும் அவரேதான். அடுத்த ஸ்டிரெச்சர் வாசலில் நிற்கும். அதனால் நீங்கள் சுற்றி வளைத்து சொல்லும் கதைக்கு அங்கே இடம் கிடையாது. சொன்னதில் இருந்து ஒரு வரி, இரண்டு வரிதான் ஏறும்.

பெயர், வயது, முகவரி, வந்த நேரம், கூட்டி வந்தவர் யார், சுயநினைவு இருந்ததா, உடம்பில் உள்ள அங்க அடையாளம், எங்கே எப்போது எப்படி நடந்தது, என்னென்ன காயம் ஆகியவை அதில் இருக்கும். நடந்ததை டாக்டர் பார்க்கவில்லை. அதனால் 'இவ்வாறு நடந்ததாக சொல்லப்படுகிறது' என்றுதான் எழுதுவார். காயம் மட்டும் அவர் கண்ணால் பார்த்தது. அதை சென்டிமீட்டர் கணக்கில் அளந்து எழுதுவார்.

அரிவாளா? கட்டையா?

அடிதடி கேசில்தான் வேடிக்கை. "கேஸ் ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று அக்கம் பக்கத்தினர் சொல்லிக் கொடுப்பார்கள். அடித்தது 2 பேர். ஆஸ்பத்திரியிலும் 2 பேர் என்றே சொல்லி இருப்பார். மறுநாள் போலீஸ் புகாரில் 7 பேர் ஆகி விடும். அண்ணன், தம்பி, வெளியூரில் இருக்கும் மாமனார் வரை பெயர் சேரும். கோர்ட்டில் எதிர்தரப்பு வக்கீல் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்து காட்டினால் போதும். உண்மையிலேயே அடித்த அந்த 2 பேரும் சந்தேகத்தின் பலனில் தப்பிக்க வழி கிடைத்து விடும்.

ஆயுதமும் அப்படித்தான். கத்தி, அரிவாள் பட்டால் காயத்தின் ஓரம் சீராக இருக்கும். கட்டை, கல் பட்டால் தோல் கிழிந்து ஓரம் தாறுமாறாக இருக்கும். சிராய்ப்பு வேறு, கன்றிப்போனது வேறு. கட்டையால் அடித்ததை அரிவாள் வெட்டு என்று சொன்னால், டாக்டர் எழுதிய காயமே காட்டிக் கொடுத்து விடும்.

காயம் சாதாரணமா, கொடுங்காயமா என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். எலும்பு முறிந்தாலோ பல் விழுந்தாலோ கொடுங்காயம். 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டப்படி சாதாரண காயம் ஏற்படுத்தினால் 1 வருஷம் வரை ஜெயில். கொடுங்காயம் என்றால் 7 வருஷம் வரை. அதனால்தான் எக்ஸ்ரே வரும் வரை இந்த முடிவை டாக்டர் சொல்ல மாட்டார். "சீக்கிரம் எழுதுங்க சார்" என்று அவசரப்படுத்தி பிரயோஜனம் இல்லை.

'மது வாடை' என்ற இரண்டு வார்த்தையும் பலரை சிக்கலில் மாட்டி விட்டிருக்கிறது. வாடை என்பது டாக்டரின் மூக்கு சொல்வது. வண்டி ஓட்டியவர் சட்டப்படி போதையில் இருந்தாரா என்பதற்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வேண்டும். அது பரிசோதனையில்தான் தெரியும்.

'வீட்டுல வழுக்கி விழுந்தார்'

கட்டிட வேலை, பட்டறை வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சாரத்தில் இருந்து விழுந்த தொழிலாளியை மேஸ்திரியோ காண்டிராக்டரோதான் தூக்கி வருவார். "ஆஸ்பத்திரி செலவை நான் பார்த்துக்கிறேன். வீட்டுல வழுக்கி விழுந்ததா சொல்லிடு" என்பார். வலியில் துடிப்பவர் தலையாட்டி விடுவார். அத்தோடு வேலை நேரத்தில் அடிபட்டது என்பதற்கான முதல் சாட்சி போய்விடும். பிறகு இழப்பீடு கேட்டு போகும்போது, "வீட்டில் விழுந்ததற்கு நாங்கள் எப்படி பொறுப்பு?" என்று அதே காண்டிராக்டர் ஏ.ஆர். காப்பியை காட்டுவார்.

புருஷனிடம் அடி வாங்கிய பெண்கள் கதையும் இதேதான். அடித்தவரே கூட்டி வந்து பக்கத்தில் நிற்பார். "படிக்கட்டுல விழுந்துட்டேன்" என்று அந்த பெண் சொல்வார். டாக்டரிடம் தனியாக பேச வேண்டும் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. நர்சிடம் காதோடு சொன்னால் கூட போதும்.

விஷம் குடித்தவரை கொண்டு வரும் வீட்டார் போலீசுக்கு பயந்து உண்மையை மறைப்பார்கள். தற்கொலைக்கு முயன்றவரை தண்டித்த பழைய 309-வது பிரிவு புதிய சட்டத்தில் இல்லை. என்ன குடித்தார் என்று தெரியாமல் டாக்டர் திணறுவதுதான் உயிருக்கு ஆபத்து. பாட்டிலையும் கையோடு எடுத்து வாருங்கள். மனசு உடைந்து போய் இருப்பவர்கள் 104 அல்லது 14416 எண்ணில் பேசலாம்.

சாட்சிக்கு பயம் வேண்டாம்

ரோட்டில் அடிபட்டு கிடப்பவரை தூக்கி வந்தால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டி வரும் என்று பலர் ஒதுங்கிப் போகிறார்கள். 2019-ல் மோட்டார் வாகன சட்டத்தில் செய்த திருத்தப்படி, உதவி செய்தவரை பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. பெயர் சொல்லாவிட்டாலும், மோதிய வண்டியின் நம்பர் தெரிந்தால் அதையாவது சொல்லிவிட்டு போவது அந்த குடும்பத்துக்கு பெரிய உபகாரம். நம்பரே தெரியாமல் இடித்துவிட்டு ஓடிய வண்டி என்றால் அரசு திட்டத்தில் சாவுக்கு 2 லட்சம் ரூபாயும், படுகாயத்துக்கு 50 ஆயிரம் ரூபாயும்தான் கிடைக்கும்.

போலீஸ் வந்தால்தான், ஏ.ஆர். போட்டால்தான் சிகிச்சை என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. முதலில் உயிரை காப்பாற்று, காகிதம் பிறகு என்று சுப்ரீம் கோர்ட்டு 1989-லேயே சொல்லி விட்டது.

தப்பா எழுதிட்டா?

பிறகு போய் "மாத்தி எழுதுங்க" என்றால் எந்த டாக்டரும் சம்மதிக்க மாட்டார். அது அவருக்கே வினையாக முடியும். ஏ.ஆரில் இருப்பதே முடிவான உண்மை இல்லை என்று கோர்ட்டுகளும் சொல்லி இருக்கின்றன. அடிபட்டவருக்கு நினைவு திரும்பியதும், முதலில் சொன்னவர் சம்பவத்தை பார்க்காதவர் என்பதை போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் உடனே சொல்லி விட வேண்டும். நாள் கடந்தால் நம்ப மாட்டார்கள்.

கூட வந்தவருக்கு விவரம் தெரியாவிட்டால் "நான் பார்க்கல சார், போன்ல சொன்னாங்க" என்று சொன்னாலே போதும். டாக்டர் அப்படியே எழுதிக் கொள்வார். சிகிச்சை பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் விதி சொல்கிறது. கேட்கும்போது ஏ.ஆர். நம்பர், தேதி இரண்டும் கையில் இருந்தால் அலைச்சல் மிச்சம். அட்மிஷன் போட்ட அன்றே அதை ஒரு துண்டு சீட்டில் எழுதி வைத்துக் கொள்ளலாம்.