காறல் வாடையின் நிறை 100

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் பழகிய மூக்கு புதுத் தவிட்டையும் நாள்பட்ட தவிட்டையும் நொடியில் பிரித்துவிடும். நெல் அரைபட்டதுமே தவிட்டிலுள்ள லைப்பேஸ் என்னும் நொதி எண்ணெயைப் பிளக்கத் தொடங்குகிறது. அதிலிருந்து வெளிவரும் லினோலியிக் அமிலம் ஆக்சிஜனோடு சேர்ந்து சிதையும்போது ஹெக்சனால் என்ற சிறு மூலக்கூறு ஆவியாகக் கிளம்பும். பழைய அரிசியின் காறல் வாடையில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. நெல்லை அவித்தால் அந்த நொதி செயலிழக்கிறது. புழுங்கலுக்கு இப்படியும் ஒரு நன்மை.

கண்ணுக்குத் தெரியாத ஆவியை ஹெக்சனால்தான் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

வாடையில் கலந்த பல ஆவிகளை கேஸ் குரோமட்டோகிராப் ஒவ்வொன்றாகப் பிரித்து நிறை நிறமாலைமானிக்குள் அனுப்பும். அங்கே எலெக்ட்ரான்கள் மோதி, மூலக்கூறுகள் மின்னேற்றம் பெறும். பல உடைந்தும் போகும். ஹெக்சனாலின் நிறை 100. ஆனால் ஹெப்டேனுக்கும் 100தான்! துல்லியமான கருவியில் ஹெப்டேன் 100.125, ஹெக்சனால் 100.089, ஆக, ஹெப்டேன் கழிந்தது. அடுத்தது 2-ஹெக்சனோன். அதிலும் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். எவ்வளவு நுட்பமாக நிறுத்தாலும் இரண்டும் ஒன்றே. உடையும் விதம்தான் வேறு: ஹெக்சனாலில் 44 நிறையுள்ள துண்டு மேலோங்கும், 2-ஹெக்சனோனில் 43-உம் 58-உம்.

ஒளியும் சாட்சி சொல்லும். மூலக்கூறின் பிணைப்புகள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய வேகத்தில் அதிர்கின்றன. ஹெக்சனால் போன்ற ஆல்டிஹைடுகள் சென்டிமீட்டருக்குச் சுமார் 2720 அலைகள் கொண்ட அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும். கீட்டோனான 2-ஹெக்சனோனில் அந்தக் குறி இல்லை. இதே அதிர்வுகளை, சிதறிய ஒளியிலிருந்து படிக்க வழி திறந்தவர் கொள்ளிடம் ஆற்றின் தென்கரையில், திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி.வி. ராமன். 1928-இல் கொல்கத்தாவில் கே.எஸ். கிருஷ்ணனோடு அவர் ஆராய்ந்தவற்றில் பென்சீன் உள்ளிட்ட கரிமத் திரவங்களும் இருந்தன. நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ராமன் விளைவை இந்த அரிசி வாடையிலிருந்தே சொல்லித் தரலாம் என்பது என் ஆசை.

இவ்வளவுக்குப் பிறகும், தூய ஹெக்சனாலை அதே குரோமட்டோகிராப், நிறமாலைமானி வழியே செலுத்தி, இரண்டு வரைபடங்களும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். ஊகத்துக்கு அதில் இடமே இல்லை. காறல் வாடைக்கு ஹெக்சனால் போல, நறுமண அரிசியின் வாசத்துக்கு 111 நிறையுள்ள 2-அசிட்டைல்-1-பைரோலின் முக்கியக் காரணம் என்று பட்டரியும் சகாக்களும் 1982-இல் வெளியிட்டார்கள். இலங்கையில் சோற்றிலும் கறியிலும் போடும் ரம்பை இலையின் மணமும் அதே மூலக்கூறுதான்.