அதட்டும் மேலாளும் உழைப்பவரின் மானமும்

நாட்டின் செல்வம் அனைத்தும் உழைப்பினின்றே பிறக்கிறது. வயலில் நாற்று நடுவோரும், சூளையில் செங்கல் அறுப்போரும், நூற்பாலையில் இரவு முறை பார்ப்போரும், ஊராட்சியின் குடிநீர்த் தொட்டியைத் திறந்து மூடுவோரும் அவ்வுழைப்பைத் தருகின்றவர்களே. இவர்களுக்குக் கூலி எவ்வளவு இன்றியமையாததோ, மானமும் அவ்வளவு இன்றியமையாதது. கூலி குறைந்தால் அதைப் பற்றி ஊரில் பேசுகிறோம். மானம் குறைந்தாலோ, 'வேலை என்றால் அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். வேலை வாங்கும் ஒருவர் தம் கீழ் உள்ளவர்களை ஓயாது அதட்டுவதும், இழித்துப் பேசுவதும், அச்சுறுத்துவதும் அவருடைய குணக்கேடு மட்டும் அன்று. குடும்பங்களையும் நாளடைவில் ஊரையும் கெடுக்கும் தீமையாகும். அதனை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு எதிர்கொள்வது, ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கது யாது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

கண்டிப்பு வேறு, கொடுமை வேறு

கண்டிப்பான மேலாள் எல்லோரும் கொடியவர் அல்லர். வரப்பைச் சரியாக வெட்டவில்லை, மீண்டும் வெட்டு என்று சொல்வது கண்டிப்பு. அங்கே குறை கூறப்படுவது வேலை. வரப்பை விட்டுவிட்டு, வெட்டியவரின் பிறப்பையும், தாயையும், உடற்குறையையும் நாலு பேர் முன்னிலையில் ஏசுவது கொடுமை. அங்கே தாக்கப்படுவது மனிதர். கண்டிப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும். வேலை திருந்தியதும் நின்றுவிடும். கொடுமையோ ஒருவரைக் குறிவைத்து நாள்தோறும் தொடரும். முடிக்க இயலாத வேலையைக் கொடுத்துவிட்டு முடிக்கவில்லை என்று ஏசுவதும், வந்த நாளை வராத நாளாகக் கணக்கில் எழுதுவதும், மற்றவர்களை அவரோடு பேசவிடாமல் ஒதுக்கிவைப்பதும், 'நாளை முதல் வேலைக்கு வராதே' என்று அடிக்கடி மிரட்டுவதும் கொடுமையின் அடையாளங்கள். இதற்கு ஆளானவர் உறக்கம் இழக்கிறார்; வீட்டில் எரிந்து விழுகிறார்; சிலர் குடிப்பழக்கத்தில் விழுகின்றனர். வேலைத்தளத்தில் தொடங்கிய துன்பம் இவ்வாறு பிள்ளைகள் வரை வந்து சேர்கிறது.

மேலாளின் வலிமை எங்கிருந்து வருகிறது?

அதட்டுகின்றவரின் வலிமை அவர் குரலில் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அவர் கையில் உள்ள வருகைக் கணக்கு, கூலிப் பணம், கடன் சீட்டு ஆகிய மூன்றிலும்தான் அவர் வலிமை இருக்கிறது. இம்மூன்றும் ஒரே கையில் சேரும்போது, எவ்வளவு ஏசினாலும் எதிர்த்துப் பேச ஆள் இராது.

இதற்கு நம் மக்களின் வரலாறே சான்று. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து மக்கள் சென்றனர். அவர்களை அழைத்துச் சென்றவர் கங்காணி. வழிச் செலவுக்கு முன்பணம் கொடுத்தவர் அவர். வேலை வாங்கியவரும் அவர். தம் ஆட்களுள் எத்தனை பேர் வேலைக்கு வந்தனரோ, அதற்கேற்பத் தோட்டத்தார் அவருக்குத் 'தலைக்காசு' கொடுத்தனர். தொழிலாளர் வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், அவர் பேரில் உள்ள கடன் தொகையைக் குறிக்கும் 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். அக்கடனைத் தீர்ப்பவரிடமே ஆள் போய்ச் சேரலாம். இம்முறையில் கடன் ஆளைப் பின்தொடர்ந்தது. 1921-ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஏசாதே என்று கங்காணிக்கு அறிவுரை கூறியதோடு நில்லாமல், அவர் கையில் இருந்த சீட்டையே நீக்கியதுதான் இதில் நாம் கற்கவேண்டிய பாடம்.

இன்றும் செங்கற் சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி முன்பணம் கொடுக்கிறார். கல் கணக்கையும் அவரே எழுதுகிறார். இடம் மாறினாலும் முறை மாறவில்லை.

உழைப்பவர் செய்யவேண்டியவை

முதலாவது, தம் கணக்கைத் தாமே எழுதிவைத்தல். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். வேலைக்கு வந்த நாள், செய்த வேலையின் அளவு, பெற்ற கூலி, வாங்கிய முன்பணம், கழித்த தொகை ஆகியவற்றை அன்றன்றே குறிக்கவேண்டும். எழுதத் தெரியாதவர் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையைக் கொண்டு எழுதச் செய்யலாம்.

இரண்டாவது, கொடுமை நடந்த நாளையும், இடத்தையும், சொன்ன சொற்களையும், உடன் இருந்தவர் பெயர்களையும் அதே புத்தகத்தில் எழுதவேண்டும். 'எப்போதும் திட்டுகிறார்' என்னும் முறையீட்டை விசாரிப்பது கடினம். இன்ன நாளில், இன்னார் முன்னிலையில், இன்னது சொன்னார் என்றால் எவரும் எளிதில் தட்டிக்கழிக்க இயலாது.

மூன்றாவது, தனியாகப் போகாதிருத்தல். ஒருவர் போய்க் கேட்டால் வேலை போகும் என்ற அச்சம் நியாயமானதே. ஐந்து பேர் சேர்ந்து போனால் ஐந்து பேரையும் ஒரே நாளில் நீக்குவது அரிது. ஏசப்பட்டவர் அல்லாத மற்றவர்களும் உடன் செல்லவேண்டும். இன்று ஒருவருக்கு நேர்வது நாளை மற்றவருக்கும் நேரலாம் அன்றோ?

நான்காவது, பதிலுக்கு ஏசாதிருத்தல். கைகலப்பு நேர்ந்தால் குற்றவாளி யார் என்பதே மாறிவிடும். 'வேலையில் குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். இவ்வாறு பேசவேண்டாம்' என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, அதையும் எழுதிவைப்பதே நல்லது.

ஐந்தாவது, மேலாளிடமே புதுக் கடன் வாங்காதிருத்தல். அவசரத் தேவைக்கு மகளிர் சுய உதவிக் குழுவையும் கூட்டுறவுச் சங்கத்தையும் நாடுவது நன்று. கடன் வேறிடத்தில் இருக்குமானால், மேலாளின் மிரட்டல் பாதி வலுவிழக்கும்.

சட்டம் தரும் துணை

ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். மேலாளின் கடுஞ்சொல்லைத் தடுப்பதற்கென்றே நம் நாட்டில் தனிச் சட்டம் ஏதும் இல்லை. ஆயினும் கொடுமை சில எல்லைகளைக் கடக்கும்போது சட்டம் குறுக்கே நிற்கிறது.

முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது கொத்தடிமை முறையாகும். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. கொத்தடிமைக் கடனையும் செல்லாததாக்கியது. மாவட்ட ஆட்சியரிடமோ, கோட்டாட்சியரிடமோ முறையிடலாம்.

வேலையை விட்டால் நிலுவைக் கூலி கிடையாது என்று மிரட்டுவது வழக்கமாக இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையிலிருந்து விலகினாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் கூலியைத் தீர்த்துவிடவேண்டும்.

பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. இச்சட்டத்தின் வேர் ஒரு சிற்றூரில் இருக்கிறது. 1992-இல் இராஜஸ்தானில் குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற கிராமப் பணியாளர் பன்வாரி தேவிக்கு இழைக்கப்பட்ட கொடுமையை அடுத்தே, 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறைகளை வகுத்தது. பத்துப் பேருக்குக் குறைந்தோர் வேலை செய்யும் இடங்களிலும், முதலாளியே குற்றம் புரிந்த இடங்களிலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் முறையீடு செய்யலாம். வயல் வேலையும் வீட்டு வேலையும் இதில் அடங்கும்.

பட்டியல் வகுப்பினரையும் பழங்குடியினரையும் பொதுமக்கள் பார்வையில் சாதி பெயரால் ஏசுவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி இறங்கித் துப்புரவு செய் என்று ஆளை ஏவுவதும் 2013-ஆம் ஆண்டின் மற்றொரு சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. முதற் குற்றத்துக்கே ஈராண்டு வரை சிறையோ, 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அவ்வேவலை மறுப்பவர் கீழ்ப்படியாதவர் அல்லர், சட்டத்தைக் காப்பவர்.

வழக்காட வசதியில்லை என்று தயங்கவேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் வகுப்பினருக்கும், பழங்குடியினருக்கும், தொழிலாளருக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி கிடைக்கிறது. வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்; 15100 என்ற எண்ணில் தொலைபேசி வாயிலாகவும் கேட்கலாம்.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஊராட்சியும் வேலை கொடுக்கும் இடமே. தூய்மைப் பணியாளரும் தொட்டி இயக்குபவரும் அதன் கீழ் உழைக்கின்றனர். அவர்களை 'வா, போ' என்று ஒருமையில் அழைப்பதை உறுப்பினர்கள் முதலில் நிறுத்தவேண்டும். தம் வீட்டு வேலையையும் தோட்ட வேலையையும் அவர்களிடம் வாங்குதல் ஆகாது. ஊரில் மரியாதைக்கு வழிகாட்ட வேண்டியவர்கள் உறுப்பினர்களே.

மே 1-ஆம் நாள் தொழிலாளர் நாள். தமிழ்நாட்டில் அன்று கிராம சபை கூடும் வழக்கம் உண்டு. மேலே கூறிய சட்டங்களையும் முறையீடு செய்யும் இடங்களையும் அன்று உரக்கப் படித்துக் காட்டலாம். ஆள் சேர்ப்பவர் எவரெவரை எங்கு அழைத்துச் செல்கிறார், எவ்வளவு முன்பணம் கொடுத்தார் என்னும் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் எழுதிவைப்பது மிகவும் பயன்படும். வெளியூர்ச் சூளையில் ஒரு குடும்பம் சிக்கிக்கொண்டால், தேடுவதற்கு அப்பட்டியல் ஒன்றே துணையாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சொற்சண்டையை ஊரார் பேசித் தீர்க்கலாம். பாலியல் தொல்லையையும், கொத்தடிமையையும், வன்கொடுமையையும் ஊர்க் கூட்டத்தில் வைத்துப் பணம் பேசி முடித்தல் தவறு. அவற்றை உரிய அதிகாரியிடம் கொண்டு சேர்ப்பதே உறுப்பினர்களின் கடமை.

நிலம் உடைய விவசாயிகளுக்கும் ஒரு வேண்டுகோள். காரியக்காரரிடம் பொறுப்பை விட்டுவிட்டு, வேலை நடந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கூலியை உங்கள் கையாலேயே கொடுங்கள். வாரம் ஒரு முறையேனும் வேலை செய்வோரிடம் நேரில் பேசுங்கள். மானத்துடன் நடத்தப்படும் ஆள் அடுத்த பட்டத்துக்கும் உங்கள் வயலையே நாடி வருவார். ஆள் கிடைக்கவில்லை என்று அங்கலாய்க்கும் நம் விவசாயிகள் இதனைச் சிந்திக்கவேண்டும்.

கணக்கு உழைப்பவர் கையிலும் இருக்கட்டும்; கடன் மேலாளை விட்டு வேறிடத்தில் இருக்கட்டும்; முறையிடுபவர் பக்கத்தில் ஊராட்சி உறுப்பினர் ஒருவர் நிற்கட்டும். இம்மூன்றும் அமைந்த ஊரில் அதட்டும் குரல் தானே தாழும். அதற்கான முதல் முயற்சியை வரும் கிராம சபையிலேயே தொடங்குவோமாக.