மகிழுந்தில் படியும் உப்புநீர்க் கறை

உப்புநீர்க் கறை என்பது, மகிழுந்தின் வண்ணப்பூச்சிலும் கண்ணாடியிலும் தங்கிய நீர்த்துளிகள் உலர்ந்தபின் எஞ்சும் வெண்ணிறப் படிவு ஆகும். பேச்சு வழக்கில் இது உப்புக்கறை எனப்படுகிறது. தொடக்கத்திலேயே கவனித்தால் எளிதில் நீங்கிவிடும். நாட்படவிட்டால் பூச்சையே அரித்து நிலையான தழும்பாக மாறக்கூடும்.

உருவாகும் விதம்

மழைநீர் நிலத்தினுள் இறங்கும்போது பாறைகளிலும் மண்ணிலும் உள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. இவ்வுப்புகள் மிகுந்த நீரே கடினநீர் ஆகும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஏற்கத்தக்க மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என வரையறுக்கிறது. வேறு நீர் கிடைக்காதபோது 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் கடினமாக இருப்பதால், அந்நீரில் கழுவப்படும் வாகனங்களில் கறை விரைவில் தோன்றுகிறது.

துளி உலரும்போது நீர் மட்டுமே ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. நீரில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட்டு, கார்பன் டை ஆக்சைடை இழந்து, நீரில் எளிதில் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளை ஏட்டில் பெரும்பகுதியும் இதுவே. வெறும் நீரால் மீண்டும் கழுவினாலும் கறை போகாமைக்குக் காரணம் இதுதான்.

கறையின் வகைகள்

1. மேற்படிவு: உப்பு பூச்சின் மேல் மட்டுமே ஒட்டியிருக்கும். விரலால் தடவினால் சொரசொரப்பாக உணரலாம்.
2. அரிப்புக் கறை: வெயிலின் வெப்பத்தில் நெடுநாள் இருந்த படிவு மேற்பூச்சை அரித்து, வட்டமான சிறு பள்ளத்தை உண்டாக்கும். துடைத்தபின்னும் வளையத்தின் தடம் தெரியும்.

மகிழுந்தின் நிறத்திற்கு மேல் ‘கிளியர் கோட்’ எனப்படும் நிறமற்ற மேற்பூச்சு உள்ளது. இதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரோமீட்டர் அளவே, அதாவது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. எனவே அழுத்தித் தேய்ப்பது கறையைவிடப் பூச்சுக்கே கேடாக முடியும்.

வண்ணப்பூச்சிலிருந்து நீக்குதல்

வண்டியை நிழலில் நிறுத்தி, உலோகப் பரப்பு ஆறியபின் தொடங்க வேண்டும். முதலில் கார் ஷாம்பூ கலந்த நீரால் தூசியைக் கழுவ வேண்டும். பின்னர் வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து, மென்துணியை அதில் நனைத்துக் கறையின் மேல் ஒன்றிரண்டு நிமிடம் வைக்கலாம். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் கால்சியம் கார்பனேட்டுடன் வினைபுரிந்து, நீரில் கரையும் கால்சியம் அசிட்டேட்டாக அதை மாற்றுகிறது. கலவை உலர்வதற்குள் மெதுவாகத் துடைத்து, ஷாம்பூ நீரால் நன்கு கழுவி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிறு இடத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இதற்கும் போகாதது பெரும்பாலும் அரிப்புக் கறையே. மென்மையான பாலிஷ் கொண்டு மேற்பூச்சைச் சிறிதளவு தேய்த்துச் சமப்படுத்தலாம். ஒவ்வொரு முறை பாலிஷ் செய்யும்போதும் பூச்சின் தடிமன் குறைவதால், இதை அடிக்கடி செய்தல் கூடாது.

கண்ணாடியிலிருந்து நீக்குதல்

முன்கண்ணாடிக் கறை அழகு பற்றிய சிக்கல் மட்டுமன்று. இரவில் எதிரே வரும் வாகனத்தின் விளக்கொளி படிவுகளில் பட்டுச் சிதறுவதால் சாலை மங்கித் தெரியும். கண்ணாடிக்கும் வினிகர் முறையே பொருந்தும். நீரில் சிலிக்கா மிகுந்திருந்தால் அதன் படிவு வினிகரில் கரையாது. அப்போது சீரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடிப் பாலிஷ் பயன்படுத்தப்படுகிறது. உலர்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டினால் படிவும் தூசியும் சேர்ந்து கீறல் விழும்.

தவிர்க்க வேண்டியவை

• கழிவறை கழுவும் அமிலத்தைப் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் உலோகப் பாகங்களை அரிக்கும்.
• எந்த அமிலத்தையும், வினிகர் உட்பட, குளோரின் கலந்த பிளீச்சிங் பொருளோடு சேர்க்கக் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும்.
• வினிகருடன் சமையல் சோடாவைக் கலப்பதால் நுரை வருமே தவிரப் பயனில்லை. இரண்டும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிடும்.
• பாத்திரம் தேய்க்கும் நாரால் பூச்சைத் தேய்க்கக் கூடாது.

தடுக்கும் முறைகள்

வெயிலில் வண்டி கழுவுவதைத் தவிர்த்து, கழுவிய உடனே மைக்ரோஃபைபர் துணியால் துடைப்பதே சிறந்த வழி. வாளியில் மீதமிருக்கும் நீரை மேலே ஊற்றிவிட்டு அப்படியே உலரவிடுவதால்தான் பல வீடுகளில் கறை உண்டாகிறது. வீட்டு ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு மேலும் செறிந்திருக்கும். ஆகவே அது இறுதி அலசலுக்கு ஏற்றதன்று. மாறாக, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டாவதால் அதில் தாது உப்பு மிகக் குறைவு. கண்ணாடி துடைக்க அதனைச் சேமித்துப் பயன்படுத்தலாம். மெழுகுப் பூச்சு இட்டால் துளிகள் பெருமளவு வழிந்தோடும். எஞ்சும் துளிகளைத் துடைக்காவிட்டால் மெழுகின் மேலும் கறை படியும்.