பழைய பில்லிங் கம்ப்யூட்டரும் வீட்டுக் கிட்டங்கியும்

நமது சங்க உறுப்பினர்களில் பலர் சமீபத்தில் கடைக் கம்ப்யூட்டரை மாற்றியிருப்பீர்கள். இல்லையென்றால் மாற்ற உத்தேசித்திருப்பீர்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கம்பெனி கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11, பத்து வருஷத்துப் பழைய கம்ப்யூட்டர்களில் முறைப்படி ஏறுவதில்லை. ஆகவே நேற்று வரை பில் போட்டுக்கொண்டிருந்த நல்ல பெட்டிகள் பல, இன்று கிட்டங்கியில் காலிச் சாக்குக் கட்டுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. பழைய சாமான் வாங்குகிறவர் அதற்குத் தரும் பணம் ஒரு டின் எண்ணெய்க்குக் காணாது.

அந்தப் பெட்டியை வீட்டில் வைத்துப் படம், பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, டி.வி.யிலும் செல்போனிலும் பார்க்கும்படி செய்யலாம். இதற்கு மீடியா சர்வர் என்று பெயர். சர்வர் என்றதும் பெரிய ஆபீஸ், குளிர்சாதன அறை என்று மிரள வேண்டாம். ஓட்டலில் சர்வர் என்ன செய்கிறாரோ அதேதான். மேஜையில் இருப்பவர் கேட்கிறார். அவர் உள்ளே போய் எடுத்து வந்து வைக்கிறார். இங்கே மேஜை என்பது டி.வி., சமையலறை என்பது பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்.

ராயகிரியில் எங்கள் வீட்டில் இப்படி ஒன்று சில மாதங்களாக ஓடுகிறது. நான் பள்ளிப்படிப்போடு கடைக்கு வந்தவன். கணக்குப் புத்தகம் தெரியும்; கம்ப்யூட்டர் பாஷை தெரியாது. அப்படிப்பட்டவருக்கும் புரியும் அளவில் எழுதுகிறேன்.

நம் கையிருப்பு என்ன?

சினிமாப் படம் பார்ப்பதற்காக மட்டும் இந்த வேலையை எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அதற்கு வேறு வழிகள் ஏராளம். வீட்டுச் சரக்குதான் முக்கியம். 1980, 90-களில் நடந்த கல்யாணங்களின் வீடியோ கேசட், காதுகுத்து, புதுமனை புகுவிழா ஆல்பம், பிறகு வந்த சி.டி., டி.வி.டி., இன்றைக்கு ஆளுக்கொரு செல்போனில் ஆயிரக்கணக்கில் கிடக்கும் போட்டோ. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள், கடிதத்துக்குப் பதிலாக டேப்பில் பேசி அனுப்பிய காலம் ஒன்று உண்டு. அந்தக் கேசட்டுகள் இன்னும் சில வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும். பேசியவர்களில் பலர் இன்று இல்லை.

கடையில் ஒரு மூட்டை துவரம்பருப்பு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். இந்தச் சரக்குக்கு மட்டும் இருப்புப் புத்தகமும் கிடையாது, கிட்டங்கியும் கிடையாது. அதோடு இது கெட்டுப்போகிற சரக்கு. குற்றாலச் சாரல் அடிக்கும் நம் பக்கத்து ஈரக்காற்றில் வீடியோ டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கிறது. டேப் நன்றாக இருந்தாலும் ஓட்டுவதற்குக் கருவி வேண்டாமா? உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானிய ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கிற பழைய செட்டுகள் ஓடுகிற வரைதான்.

செல்போன் போட்டோ பத்திரமாக ஏறிவிடுகிறதே என்பீர்கள். அது வாடகைக் கிட்டங்கி. கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொண்டது 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது 15 ஜி.பி. வரைதான் சும்மா, மேலே போனால் மாதாமாதம் வாடகை. இரண்டு வருஷம் யாரும் திறந்து பார்க்காத கணக்கை அழித்துவிடலாம் என்ற விதியும் 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வீட்டில் பெரியவர் ஒருவர் காலமானால் அவருடைய கணக்கை யார் திறக்கப் போகிறார்கள்? யோசிக்க வேண்டிய விஷயம்.

லினக்ஸ் நமக்குப் புதிதல்ல

கம்ப்யூட்டரை இயக்குவதற்கு அடிப்படை மென்பொருள் வேண்டும். விண்டோஸ் அப்படி ஒன்று, லினக்ஸ் இன்னொன்று. 1991-இல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் இதன் கருவைத் தொடங்கினார். எவரும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்பது அதன் உரிமம். பழைய பெட்டியிலும் சிரமமில்லாமல் ஓடும்.

நம் ஊர் வீடுகளுக்கு இது ஏற்கெனவே வந்து போயிருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை. 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட சொந்தச் சரக்கு அது. பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை என்பது வேறு கதை. மலைக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவு தாண்டினால், கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸில்தான் பாடமே நடக்கிறது. பழகினால் பழகிவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த இலவச லேப்டாப்பையே சர்வர் ஆக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். முதலில் வந்தவற்றில் 2 ஜி.பி. நினைவகம்தான், பாட்டு, போட்டோவுக்குத் தாங்கும், படத்துக்குத் திணறும். பழைய பேட்டரி உப்பியிருந்தால் கழற்றிவிட்டுத்தான் மற்ற பேச்சு. கடையில் பில் போட்ட பெட்டியில் 4 ஜி.பி. இருந்தால் போதும், 8 இருந்தால் தாராளம்.

வேலை தொடங்குமுன்

பெட்டியை அழிப்பதற்கு முன் கணக்கை வெளியே எடுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். டாலி டேட்டாவை இரண்டு இடத்தில் நகலெடுத்து, புதுக் கம்ப்யூட்டரில் திறந்தும் பார்த்த பிறகே அடுத்த காரியம்.

லினக்ஸில் பல வகை உண்டு. தொடக்கக்காரருக்கு லினக்ஸ் மின்ட் என்பது விண்டோஸ் சாயலிலேயே இருக்கும், தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். அதை இன்டர்நெட்டில் இறக்கி 8 ஜி.பி. பென் டிரைவில் எழுதி, பெட்டியில் செருகிப் போட்டால், நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். மௌஸ், சத்தம், இன்டர்நெட் எல்லாம் சரியாக வருகிறதா என்று மாதிரிச் சரக்கைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் பிறகு நிறுவலாம். முக்கால் மணி நேர வேலை. நிறுவிய பின், சும்மா இருந்தால் தூங்கப் போகும் ஏற்பாட்டை பவர் செட்டிங்கில் நிறுத்திவிட வேண்டும். சர்வர் தூங்கினால் டி.வி.யில் ஒன்றும் வராது.

அடுத்து சர்வர் மென்பொருள். பிளெக்ஸ், ஜெல்லிஃபின் என்ற இரண்டு பெயரை அடிக்கடி கேள்விப்படுவீர்கள். பிளெக்ஸ் நல்லதுதான், ஆனால் வெளியூரிலிருந்து நம் வீட்டுப் படத்தை நாமே பார்ப்பதற்கு 2025 ஏப்ரல் முதல் கட்டணம் வைத்துவிட்டார்கள். ஜெல்லிஃபின் பிறந்த கதை வேறு. எம்பி என்ற மென்பொருளை நடத்தியவர்கள் 2018-இல் அதன் மூல நிரலைப் பூட்டிவிட்டார்கள். அதுவரை திறந்திருந்த பகுதியை எடுத்துக்கொண்டு சிலர் அந்த டிசம்பரிலேயே தனியாகத் தொடங்கியது ஜெல்லிஃபின். கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை. நான் இதையே தேர்ந்தெடுத்தேன்.

நிறுவும் முறை அவர்களுடைய தளத்தில் ஒரே வரிக் கட்டளையாக இருக்கிறது. அதை அப்படியே டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் ஒட்டினால் போதும். பிறகு வீட்டிலுள்ள எந்த செல்போனிலும் பிரவுசரைத் திறந்து, அந்தப் பெட்டியின் ஐ.பி. எண்ணை அடித்து, முக்காற்புள்ளி வைத்து 8096 என்று சேர்த்தால் ஜெல்லிஃபின் திரை வரும். ரவுட்டரில் அந்தப் பெட்டிக்கு நிரந்தர எண் ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வந்தபின் கதவு எண் மாறியிருக்கலாம்.

தொடக்கக்காரர் பலரும் தடுக்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஹார்டு டிஸ்கைச் செருகுகிறோம், படம் கண்ணுக்குத் தெரிகிறது, நாம் அழுத்தினால் ஓடுகிறது. ஜெல்லிஃபினோ அங்கே ஒன்றுமே இல்லை என்கிறது. காரணம் இதுதான்: லினக்ஸில் ஜெல்லிஃபின் தனிப் பெயரில் வேலை செய்யும் ஓர் ஆள். நாம் செருகிய டிஸ்க் நம் பெயரில் திறக்கிறது. முதலாளியிடம் சாவி இருக்கிறது, கிட்டங்கி ஆளிடம் இல்லை! டிஸ்கை நம் பெயருள்ள இடத்தில் அல்லாமல் பொது இடத்தில், கம்ப்யூட்டர் எழும்போதே திறக்கும்படி அமைத்து, வெளிக்கதவிலிருந்து உள்ளறை வரை எல்லா ஃபோல்டருக்கும் அந்த ஆளுக்குப் படிக்கும் அனுமதி கொடுக்க வேண்டும். எழுதும் அனுமதி வேண்டாம். பார்த்து எடுத்துக் கொடுப்பவருக்கு அழிக்கும் உரிமை எதற்கு?

பெயர் வைப்பதில் ஒழுங்கு வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு ஃபோல்டர், அதில் பெயரும் ஆண்டும். வீட்டு நிகழ்ச்சிகளுக்கு ஆண்டு முன்னால், பெயர் பின்னால். 'புது வீடியோ', 'புது வீடியோ 2' என்று வைத்தால் பிறகு கடவுளாலும் தேட முடியாது.

எவ்வளவு இடம், எவ்வளவு கரண்ட்?

ஒரு டி.வி.டி. 4.7 ஜி.பி. என்று வைத்தால் 1 டி.பி. டிஸ்கில் இருநூறுக்கு மேல் அடங்கும். பாட்டுக் கேசட் 60 நிமிஷத்துக்கு எம்.பி.3 ஆக்கினால் சுமார் 60 எம்.பி.; நூறு கேசட்டும் 6 ஜி.பி.க்குள். இடத்தை விழுங்குவது செல்போன் வீடியோதான்.

பெட்டி 30 வாட் இழுத்தால், இரவு பகல் ஓட மாதம் 21.6 யூனிட், இரு மாத பில்லில் 43. பழைய பெரிய டெஸ்க்டாப் 60 வாட் இழுத்தால் இதைப் போல இரண்டு பங்கு, அதோடு ஸ்லாபும் மாறலாம். எங்கள் வீட்டில் இரவு பதினொன்றுக்கு நிறுத்திவிடுகிறோம். யு.பி.எஸ். அவசியம். மழைக்காலத்து இடிக்கு ஒயரையே பிடுங்கிவிடுவது நல்லது.

புது செல்போன்கள் எடுக்கும் வீடியோவைப் பழைய டி.வி. சில சமயம் படிக்காது. அப்போது சர்வர் அதை டி.வி.க்குத் தெரிந்த வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே அனுப்ப வேண்டும். பழைய பெட்டிக்கு இது பாரமான வேலை. படம் நின்று நின்று வரும். 2015-இல் வந்த இன்டெல் ஆறாம் தலைமுறை சிப் இருந்தால் அதிலேயே இதற்கு உதவியிருக்கிறது. இல்லாதவர்கள் சர்வரை மாற்றுவதற்கு முன், டி.வி.யில் செருகும் சிறு கருவி ஒன்றை மாற்றிப் பார்ப்பது சிக்கனம். டி.வி.க்கு வைஃபையைவிடக் கேபிள் இழுப்பது மேல்.

கடை நடத்தும் பையன் ஒருவன் என்னிடம், "அண்ணாச்சி, இதையே கடை ஸ்பீக்கர்ல போட்டுவிட்டா எஃப்.எம். எதுக்கு?" என்றான். கூடாது. வீட்டில் நாமும் குடும்பமும் கேட்பது வேறு. வாடிக்கையாளர் வந்து போகும் இடத்தில் சினிமாப் பாட்டு ஒலிபரப்புவது 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி உரிமம் வாங்கிச் செய்ய வேண்டியது. இதற்காக வியாபார நிறுவனங்களுக்கு நோட்டீஸ் வருவதுண்டு. அதேபோல வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் கதவு திறந்துவிடும் வேலையையும் தொடக்கத்தில் செய்ய வேண்டாம். திறந்த கதவை உலகமே தட்டும்.

எல்லாவற்றையும் ஒரே டிஸ்கில் சேர்த்துவிட்டு டேப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பக்கத்து ஊரில் ஒரு ஸ்டுடியோவில் உறவினர் ஒருவர் கல்யாணக் கேசட்டை டி.வி.டி. ஆக்கக் கொடுத்தார். வந்த டி.வி.டி.யில் பாதிக்கு மேல் ஓடவில்லை. கேட்கப் போனபோது கேசட்டைக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். டிஸ்கும் ஒருநாள் சாகும் சாமான்தான். இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை புதிதாகச் சேர்ந்ததை மட்டும் நகலெடுத்து, வேறு வீட்டில் வையுங்கள். ஆர்சிங்க் என்ற லினக்ஸ் கட்டளை இதற்கென்றே இருக்கிறது. எங்களுடைய இரண்டாவது டிஸ்க் மகள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது.

லினக்ஸ் பற்றித் தமிழில் படிக்க வேண்டுமென்றால் 2012 முதல் வரும் 'கணியம்' மின்னிதழைப் பாருங்கள். 'எளிய தமிழில்' என்ற வரிசையில் நூல்களும் இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

எதில் தொடங்குவது என்றால், குரல் உள்ள கேசட்டில் தொடங்குங்கள். டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் நீல நிறத் துளைக்கு ஒரு ஒயர். உள்ளே ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். குறுக்கு வழி கிடையாது. 60 நிமிஷக் கேசட்டுக்கு 60 நிமிஷம் ஓடியே ஆக வேண்டும். நான் கடையை அடைத்து வந்து, சிட்டை எழுதும் நேரத்தில் ஒரு பக்கத்தைப் போட்டுவிடுவேன். இன்னும் பதினொரு கேசட் பாக்கி இருக்கிறது.