தகவல் துளி: விக்கல்

உத்திரமேரூரை அடுத்த பெருநகர்ப் பக்கம், சாப்பிட உட்கார்ந்தவருக்கு விக்கல் எடுத்தால், "யாரோ நினைக்கிறாங்க" என்று தண்ணீர்ச் சொம்பை நகர்த்துவார்கள். சின்னப் பிள்ளை என்றால், "வெல்லத்தைத் திருடித் தின்னியா?" என்று திடீரென அதட்டுவார்கள். திடுக்கிட்டதில் விக்கல் சில சமயம் நின்றும் விடும். கைக்குழந்தைக்கோ நெற்றியில் ஈர நூல்!

உள்ளே நடப்பது என்ன? நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்னும் தசை சட்டெனச் சுருங்குகிறது. காற்று உள்ளே பாய்கிறது. குரல்வளை வாசல் உடனே மூடிக்கொள்கிறது. அந்தச் சத்தம்தான் 'விக்'. அவசரமாக விழுங்குவது, வயிறு முட்ட உண்பது, சோடா குடிப்பது எல்லாம் இதைத் தூண்டும். கருவில் இருக்கும் குழந்தைக்கும் விக்கல் வருவதுண்டு.

சோற்றுப் பருக்கை மூச்சுக்குழல் பக்கம் போய் இருமினால் அது விக்கல் அல்ல, புரையேறுவது. தேம்பி அழுவதை 'விக்கி விக்கி அழுதான்' என்கிறோம். 335ஆம் குறளில் வள்ளுவர் சொல்லும் 'விக்குள்', சாவு நேரத்து விக்கல்.

அமெரிக்காவின் சார்லஸ் ஆஸ்போர்ன் 1922 முதல் 1990 வரை, 68 ஆண்டுகள் விக்கிக்கொண்டே வாழ்ந்தார். நமக்குப் பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும். மூச்சைச் சற்று அடக்கிப் பார்க்கலாம். ஒரு மடக்குக் குளிர்ந்த தண்ணீர் குடிக்கலாம். ஆனால் 48 மணி நேரம் தாண்டினால் கைவைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.