கணவாய்க்கு இந்தப் பக்கம் ஜெயித்த எஸ்.எஸ்.ஆர்.

1962 சட்டமன்றத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றுப்போனார். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு இந்தப் பக்கம், தேனியில், அவர் கட்சி நிறுத்திய சினிமா நடிகர் ஜெயித்துவிட்டார். எம்.ஜி.ஆர். முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலில் நின்றதே 1967-ல்தான். அதற்கு ஐந்து வருஷம் முன்பே ஓட்டு வாங்கிக் கோட்டைக்குப் போனவர் எஸ்.எஸ்.ராஜேந்திரன். தமிழர்கள் நடிகனுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் என்று கேலி பேசுபவர்கள் கணக்கைத் தேனியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆள் ஏறக்குறைய உள்ளூர்தான். கணவாய் தாண்டினால் உசிலம்பட்டி, அதையடுத்த சேடப்பட்டிக்காரர். பிறந்தது 1928-ல். அப்போது சினிமா ஊமைப்படம். 'காளிதாஸ்' வந்து தமிழ் பேச இன்னும் மூன்று வருஷம் இருந்தது. நடிப்பு என்றால் நாடகம். பையன்களுக்கு என்றால் பாய்ஸ் கம்பெனி. சின்ன வயதிலேயே அதில் சேர்ந்தவர், பிறகு டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் வளர்ந்தார்.

ராஜபார்ட்டிலிருந்து ஸ்திரீபார்ட் வரை எல்லாம் பையன்களே கட்டிய உலகம் அது. சாப்பாடும் படுக்கையும் கம்பெனியிலேயே. பாடம் நெட்டுருவாக வேண்டும். தப்பினால் அடி விழும். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்காரர் காதிலும் வார்த்தை விழ வேண்டும். பையன்கள் வாத்தியாரைவிட அதிகம் பயந்தது மகரக்கட்டுக்கு. மீசை அரும்பும் வயதில் குரல் உடையும். நேற்று 'ஒன்ஸ்மோர்' வாங்கியவன் இன்று கூட்டத்தோடு நிற்பான். அதைத் தாண்டி வந்த குரல்தான் எஸ்.எஸ்.ஆருடையது. ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கேட்கும்.

'பராசக்தி'யில் (1952) அண்ணன் தம்பி மூவருமே நாடகத்திலிருந்து வந்தவர்கள்: சகஸ்ரநாமம், எஸ்.எஸ்.ஆர்., சிவாஜி. போரில் காலை இழந்து, பிச்சைக்காரர்களை ஒன்றுசேர்க்கும் ஞானசேகரன் இவர். கோர்ட் வசனத்தையே பேசிப் பேசி இவரைக் கோட்டைவிட்டோம். 'ரத்தக்கண்ணீர்' படத்தில் எம்.ஆர்.ராதா ஆடித் தீர்க்க, எதிரே அடக்கமாக நிற்கும் பாலுவும் இவர்தான். அந்த அடக்கம் இல்லாவிட்டால் ராதாவின் ஆட்டம் பாதிகூட எடுபட்டிருக்காது என்பது என் கட்சி. 1957-ல் 'முதலாளி' அவரைக் கதாநாயகனாக நிலைநிறுத்தியது. 1964-ல் 'பூம்புகார்' கோவலன்.

புராணப் படங்களில் நடிக்க மாட்டேன் என்று ஒதுங்கினார். சாமி படங்கள் வசூலை அள்ளிய காலத்தில் இது சாதாரண முடிவு அல்ல. ஈடாகக் கிடைத்தது 'லட்சிய நடிகர்' என்ற பட்டம். சினிமாவில் பெயர் வந்த பிறகும் மேடையை விடவில்லை. எஸ்.எஸ்.ஆர். நாடக மன்றத்தில்தான் மனோரமா நடித்தார். பின்னாளில் மலையாளத்தில் கொடிகட்டிப் பறந்த ஷீலாவும் அங்கே நடித்தவர்தான்.

1970-ல் மாநிலங்களவைக்குப் போனார். பிறகு அ.தி.மு.க.வுக்கு மாறி, 1980-ல் கணவாயடி ஊரான ஆண்டிபட்டியிலேயே நின்று ஜெயித்தார். 1984-ல் அந்தத் தொகுதி அவருக்கு இல்லை. வேட்பாளர் எம்.ஜி.ஆர்.; அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தபடியே வென்றார். 2002-லும் 2006-லும் ஜெயலலிதா. ஆண்டிபட்டி என்றதும் இப்போது எல்லோர் வாயிலும் வருவது இந்த இரண்டு பெயர்கள்தான். இருவருக்கும் முன்னால் அங்கே ஜெயித்த நடிகர் 2014 அக்டோபர் 24 அன்று, 86 வயதில், சென்னையில் காலமானார்.